கேஜ் மாட்டும் முன்

கத்திரி தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் குடியிருப்பில், எல்லா வீட்டு ஏ.சி.யையும் ஒரே நாளில் சர்வீஸ் செய்துவிடுவது என்று சங்கத்தில் முடிவு. பகலில் ஆள் இல்லாத வீடுகளின் சாவிகள் என்னிடம் வந்து சேர்ந்தன. மெக்கானிக்கோடு கூடவே போக வேண்டும், திறந்துவிட வேண்டும், பூட்ட வேண்டும். வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓய்வுபெற்றவனுக்கு இதைவிடத் தோதான வேலை எங்கே கிடைக்கும்?

அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர். அரைக்கைச் சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், சின்ன டார்ச், மடித்த துணி. கூட ஒரு பையன். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக்காரன், ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டு நேரே சென்னைக்கு ரயிலேறியவன். அவன் தோளில் தண்ணீர் பம்ப்பும் ஒயர்ச் சுருளும். கையில் நீலக் குழாயும் சிவப்புக் குழாயும் தொங்கும், கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ். வீட்டுக்காரர்களின் கண் முதலில் போனது அந்தக் கேஜ் மேல்தான். அதைப் பார்த்த மாத்திரத்தில் "கேஸ் செக் பண்ணிடுங்க பாய்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பாய் தலையாட்டுவார். கேஜை வாசலோரம் வைக்கச் சொல்லிவிட்டு வேறு எதையாவது பார்க்கப் போய்விடுவார்.

தரைத்தளத்தில் வயதான தம்பதி. ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சுவர் ஊறிப் பெயின்ட் உரிந்து, கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"போன மாசம் ஒருத்தர் வந்தாரு. உள்ள ட்ரே ஒடைஞ்சிருக்கு, மொத்தமா கழட்டணும்னாரு" என்றார் அந்த அம்மா.

இண்டோரைப் பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெளில தண்ணி எங்கம்மா விழுது?" என்று கேட்டுக்கொண்டே பால்கனிக்குப் போனார்.

அங்கே ஒரு காலி பெயின்ட் வாளி. ட்ரெய்ன் பைப்பின் நுனி வாளியின் அடிவரை இறங்கியிருந்தது. வாளி முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"துளசிக்கு ஊத்துவேன். மிச்சத்துல வீடு தொடைப்பேன். வீணாப் போவுதேன்னுதான்."

பாய் பைப்பை வெளியே எடுத்தார். குபுகுபுவென்று காற்றும் தண்ணீருமாகப் பால்கனித் தரையில் கொட்டியது. உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரத்தில் நின்றது.

ட்ரெய்ன் பைப்பில் மோட்டார் கிடையாது. சரிவு ஒன்றுதான் தண்ணீரை இழுத்துப் போகிறது. பைப்பின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் நடுவில் காற்று அடைபட்டு நிற்கும். இறங்க வேண்டிய தண்ணீர் ட்ரேயில் ஏறும். ட்ரே நிறைந்தால் சுவர்தான். கடலோரத்து மே மாதக் காற்றில் ஈரம் அதிகம். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரணமாகக் கறந்துவிடும். அந்த அம்மா வாளி வைத்தது தப்பில்லை, பைப் நீளம்தான் தப்பு. வாளி விளிம்புக்கு மேலேயே நிற்கும்படி பாய் பைப்பை பிளேடால் நறுக்கிவிட்டார். பிறகு பையனைவிட்டு மேலிருந்து பம்ப்பால் அடிக்கச் சொன்னார். வழவழவென்று பச்சையும் கறுப்புமாக ஒரு சவ்வு வந்து விழுந்தது. எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் ட்ரெய்ன் அடைப்பு என்றால் பெரும்பாலும் இந்தப் பாசிதான்.

ஐயா ஒரு சந்தேகம் கேட்டார். "இந்தத் தண்ணி சுத்தமான தண்ணிதானே, இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தலாமாமே?"

"வேணாம் சார். காயில்ல இருக்கற தூசி, துரு எல்லாத்தையும் கழுவிக்கிட்டு வர்ற தண்ணி. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊத்துங்க."

ட்ரே உடையவில்லை. அதைப் பற்றிப் பாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன மாதம் வந்தவரைப் பற்றியும் சொல்லவில்லை.

முதல் மாடியில் முதல் வீடு. "ஏ.சி. போட்டா கருகின வாசனை வருது. உள்ள ஏதோ எரியுது." பாய் ஏ.சி.க்குப் போகவில்லை. சுவரோரம் குனிந்து பிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்தார். ஏ.சி. பாயின்ட் கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கொடுத்திருந்தார்கள். டி.வி.க்கும் போன் சார்ஜருக்கும் வாங்கும் சாதாரணப் பெட்டி. பிளக்கின் ஒரு கால் பழுப்பாகியிருந்தது. பெட்டியின் துளையோரம் பிளாஸ்டிக் இளகியிருந்தது. பழைய மாடல் ஒன்றரை டன் ஓடும்போது ஏழு எட்டு ஆம்பியர்தான் எடுக்கும். கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். லூசான இடத்தில் சூடேறும், சூடேறினால் இன்னும் லூசாகும். "கட்டிலை நகத்துங்க. இல்லன்னா எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு பதினாறு ஆம்பியர் பாயின்ட்டை இந்தப் பக்கம் மாத்துங்க. அதுவரைக்கும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கையோடு பிடுங்கிக் கொடுத்தார். அன்று முழுக்க அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது அங்கே ஒருமுறைதான்.

அடுத்தது என்னிடம் சாவி இருந்த வீடு. அவுட்டோர் அசையவே இல்லை. இண்டோரில் விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, சற்று நேரம் விட்டு, மூடியைக் கழற்றியதும் பையன் சிரித்துவிட்டான். போர்டின் இரண்டு முனைகளுக்கும் பாலமாக ஒரு பல்லி, காய்ந்து கறுத்துக் கிடந்தது. பஞ்சாங்கத்தில் பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பட்டியல் உண்டு. அவுட்டோர் போர்டில் விழுந்தால் பண விரயம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். புதுப் போர்டு பல ஆயிரம். பாய் பழைய போர்டைக் கழற்றித் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். ரிச்சி தெருவில் போர்டு பார்க்கிறவர்களிடம் முதலில் காட்டுவார். ஒயர் நுழையும் துளையை அடைக்க மறந்துவிடாதே என்று பையனிடம் சொன்னார். எறும்புக்கும் பல்லிக்கும் வாசல் அந்தத் துளைதான்.

இனி வருவது அரை நாளை விழுங்கிய வீடு.

இளம் ஜோடி. இருவரும் அன்று வீட்டிலிருந்தே வேலை. கணவன் காதில் ஹெட்செட்டோடு வந்து கதவைத் திறந்தான். "பாய், கேஸ் ஃபில் பண்ணிடுங்க. மூணு வருஷமா ஏப்ரல் வந்தா ஃபில் பண்றோம். இந்த வருஷம் கொஞ்சம் லேட்."

"ஒவ்வொரு வருஷமுமா?"

"ஆமா. வருஷத்துக்கு ஒரு தடவை டாப்-அப் பண்ணணும்னாங்க."

"கேஸ் பெட்ரோல் இல்ல சார், ஓட ஓட தீர்றதுக்கு. கம்பெனில அடைச்சது அப்படியே சுத்திக்கிட்டு இருக்கணும். கம்மியாச்சுன்னா எங்கயோ வெளில போவுதுன்னு அர்த்தம்."

கணவன் ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஒவ்வொரு முறையும் இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்திருக்கிறான். அவன் மனசுக்குள் ஒரு பெருக்கல் நடப்பது முகத்தில் தெரிந்தது.

பாய் முன்மூடியைத் திறந்து ஃபில்ட்டரை உருவினார். சுத்தமாகவே இருந்தது. காயிலின் ஓரத்தில், மெல்லிய குழாய் உள்ளே நுழையும் இடத்தில், வெள்ளையாக ஒரு விரற்கடை ஐஸ். பாய் காயில் வரிசைகளின் மேல் விரல்களை மெதுவாக ஓட்டினார். பையனையும் தொடச் சொன்னார். ஐஸ் பக்கத்தில் சில்லென்று. நாலு விரல் தள்ளினால் ஈரமே இல்லை. அதற்கப்பால் அறைச் சூடு.

"காயில் முழுக்க ஐஸ் அடிச்சிருந்தா என்ன பாப்ப?"

"ஃபில்ட்டர். அப்புறம் ப்ளோயர் அழுக்கு."

"ஒரு மூலைல மட்டும் அடிச்சிருந்தா?"

"கேஸ் கம்மி, பாய்."

ஐ.டி.ஐ. பாடப் புத்தகத்தில் இது வேறு நடையில் இருந்திருக்கும். காற்று போதாமல் போனாலும் ஐஸ் கட்டும், கேஸ் போதாமல் போனாலும் ஐஸ் கட்டும். ஐஸைப் பார்த்ததும் சிலிண்டரைத் தூக்குகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஃபில்ட்டரைக் கழுவி, ஏ.சி.யை ஃபேன் மட்டும் ஓடும்படி வைத்து ஐஸ் கரையவிட்டாலே பாதி வீடுகளில் கூலிங் திரும்பிவிடும் என்று பாய் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வீடு அந்தப் பாதியில் இல்லை.

அவுட்டோர் மொட்டை மாடியில். பாய் மண்டியிட்டு, இரண்டு செம்புக் குழாய்களும் வந்து சேரும் பித்தளை நட்டுகளில் டார்ச்சை அடித்தார். மேல் நட்டு காய்ந்த தூசியோடு இருந்தது. கீழ் நட்டைச் சுற்றித் தூசி பிசுபிசுவென்று கறுத்திருந்தது. விரலால் வழித்து இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். எண்ணெய். கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் கேஸோடு சேர்ந்து குழாய் முழுக்கச் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் அதுவும் கொஞ்சம் கசியும். கேஸ் காற்றோடு போய்விடும், எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். பையன் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் நுரைத்துக்கொண்டு வந்து பூசினான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு குமிழி எழும்பிப் பெரிதாகி உடைந்தது. அடுத்தது எழும்பியது.

மூன்று வருஷக் கசிவு அந்த ஒரு குமிழியில் இருந்தது. சோப்புத் தண்ணீருக்கு என்ன செலவாகியிருக்கும்?

கேஜ் வாசலைவிட்டு மேலே வந்தது இப்போதுதான். பையன் மாட்டினான். முள் அறுபதில் நின்றது. பாய் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டி வாசிக்கச் சொன்னார். ஆர்-32. பழைய ஆர்-22 மெஷினாக இருந்தால் ஓடும்போது அறுபது சரியான கணக்கு. ஆர்-32-க்கும் ஆர்-410ஏ-க்கும் அதைப் போல இரு மடங்கு வர வேண்டும். தகட்டைப் படிக்காமல் பழைய பழக்கத்தில் முள்ளை மட்டும் பார்த்துவிட்டு, கேஸ் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போகிறவர்களும் உண்டாம். அதுவும் இது இன்வர்ட்டர் மெஷின். கம்ப்ரசர் வேகம் கூடிக் குறையும், முள்ளும் கூடவே ஆடும்.

மீதிக் கேஸை வெளியேற்றுவதற்கு முன் பாய் சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மாடியில் ஒருவர் சிகரெட்டோடு நின்றிருந்தார். "சார், ஒரு பத்து நிமிஷம் கீழ போங்க." ஆர்-32 எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் பிடிக்கக்கூடியது. பிறகு கேஸ் சீறிக்கொண்டு வெளியேறியது. இந்த இடத்தில் பாயைப் புகழ எனக்கு மனமில்லை. ஆர்-32 வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவைப் போல 675 மடங்கு. வெளியே விடாமல் பிடித்து அடைத்துக்கொள்ளும் மெஷின் இருக்கிறது, அவரிடம் இல்லை. எங்கள் தெருவுக்கு வரும் மெக்கானிக் ஒருவரிடமும் அதை நான் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் யாரும் கேட்பதும் இல்லை.

நட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. புனலாக விரித்திருந்த குழாய் வாயில் மயிரிழை விரிசல். ஏ.சி. மாட்டிய அன்று யாரோ பலம் கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார். பாய் அந்த நுனியை வெட்டி எறிந்தார். பிசிர் உள்ளே விழாமல் குழாயைக் கவிழ்த்துப் பிடித்துச் சுரண்டினார். புதிதாக விரித்து, ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, இரண்டு ஸ்பேனர்களால் முறுக்கினார். ஒன்று பிடிக்க, ஒன்று திருக. நைட்ரஜன் சிலிண்டரைப் பையன் மூச்சிரைக்கத் தூக்கிவந்தான். அடைத்து, விட்டுவைத்து, மறுபடி சோப்பு நுரை. குமிழி இல்லை.

அடுத்து வாக்யூம் பம்ப். தடதடவென்று ஓட ஆரம்பித்தது. குழாய்க்குள் காற்று தங்கினால் அது கேஸைப் போலத் திரவமாகாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரை உள்ளிருந்தே அரிக்கும். இரண்டையும் உறிஞ்சி எடுக்கத்தான் பம்ப்.

பத்து நிமிஷம் ஆனதும் கணவன் மேலே வந்தான். "இன்னும் எவ்ளோ நேரம் பாய்? போன தடவை வந்தவங்க மொத்தமே பத்து நிமிஷத்துல முடிச்சாங்க."

"அதான் சார் மூணு வருஷமா முடிச்சுக்கிட்டே இருக்காங்க."

அவன் சிரித்துவிட்டான். மனைவி டீயோடு வந்தாள். பம்ப் ஓடுகிற நேரம் பேச்சுக்கு வசதி. ஒன்றரை டன் என்கிறார்களே, எதன் எடை அது என்று அவள் கேட்டாள். பையனுக்குக் குஷி. ஒரு டன் ஐஸ் கட்டி இருபத்துநாலு மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ அவ்வளவு சூட்டை இழுக்கும் மெஷின் ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யூ. அமெரிக்க டன், அதாவது 907 கிலோ. ஒன்றரை டன் என்றால் நாளுக்கு 1,360 கிலோ ஐஸ் அந்த அறையில் உருகுகிற கணக்கு.

இந்த ஊருக்கு ஐஸ் அப்படியே எடை போட்டுத்தான் வந்திருக்கிறது. பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் உறைந்ததை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, பிரடெரிக் டியூடர் கம்பெனி கப்பலில் அனுப்பியது. அதை இறக்கி வைக்க 1840-களில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் தங்கியது அங்கேதான். இன்றைக்கு அவர் பெயரில் இருக்கிறது. சொல்ல நாக்கு துடித்தது. சாவிக்காரனுக்கு எதற்கு என்று டீயைக் குடித்தேன்.

அரை மணி கழித்துப் பம்ப்பை நிறுத்தி, முள் ஏறுகிறதா என்று பாய் காத்திருந்தார். ஏறவில்லை. கேஸ் சிலிண்டரைச் சின்னத் தராசின் மேல் நிறுத்தினார். தகட்டில் எத்தனை கிராம் போட்டிருந்ததோ அத்தனை கிராம் தராசில் குறைந்ததும் வால்வை மூடினார். ஒரு கால் மணி ஓடவிட்டு, ஏ.சி. இழுக்கும் காற்றில் ஒரு தெர்மாமீட்டர், ஊதும் காற்றில் ஒரு தெர்மாமீட்டர். 27, 15. பத்துக்கு முன்னே பின்னே வித்தியாசம் வந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது.

"அடுத்த ஏப்ரல்?" என்றான் கணவன்.

"ஃபில்ட்டர் கழுவுங்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ. வேற ஒண்ணும் வேணாம்."

மேல் மாடியில் மேற்குப் பார்த்த அறை. மணி நாலு. வீட்டுக்காரர் ரிமோட்டை நீட்டினார். "பதினாறுல வச்சிருக்கேன். கூலே ஆகல. கேஸ் இல்ல." பாய் தெர்மாமீட்டர்களை வைத்தார். 32, 20. ஏணியில் இரண்டு படி ஏறிக் கூரையில் கையை வைத்தார். "நீங்களும் தொட்டுப் பாருங்க சார்." பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் அது, மாலையில்தான் அதை உள்ளே விடும். ஜன்னலில் திரை கிடையாது. பதினாறு என்று வைப்பதால் ஏ.சி. வேகமாகக் குளிர்விக்காது, பதினாறு வரும்வரை நிற்காது, அவ்வளவுதான். வெயில் நாளில் அந்த அறையில் பதினாறு வரப்போவதும் இல்லை. 2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் ஏ.சி.க்கள் இயங்கத் தொடங்கும்போதே 24-இல் நிற்கும்படி வர வேண்டும் என்று அரசு ஆணை. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்திச் சிக்கன வாரியத்தின் கணக்கு. பாய் இதையெல்லாம் சொல்லவில்லை. "மாடிக்கு வெள்ளை அடிங்க, ஜன்னலுக்குத் துணி போடுங்க, இருபத்தஞ்சுல வச்சு ஃபேனைப் போடுங்க" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்காரருக்குத் திருப்தி இல்லை. பழுது இல்லை என்று கேட்பதற்குக் காசு கொடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை.

கடலைப் பார்த்த பக்கத்து வீட்டில் இன்னும் மோசம். அவுட்டோரின் அலுமினியத் தகடுகளைப் பாய் விரலால் தொட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. உப்புக் காற்று. தகடு போய்விட்டால் குழாயின் சூடு வெளியே போக வழியில்லை. கம்ப்ரசர் கொதித்து நின்றுவிடும். "இதுக்குச் செலவு பண்ணாதீங்கம்மா. அடுத்து வாங்கறப்போ மாசம் ஒரு தடவ நல்ல தண்ணியால வெளிப் பெட்டியக் கழுவி விடுங்க." புது ஏ.சி. விற்க ஏதோ கமிஷன் இருக்கிறது என்று அந்த அம்மா நினைத்தது, வாசல்வரை வந்து கடைப் பெயர் கேட்டதில் தெரிந்தது. பாயிடம் கடை எதுவும் இல்லை.

கடைசி வீடு இரண்டாம் மாடி. வெளிச்சம் இறங்க ஆரம்பித்திருந்தது.

காற்று வருகிறது, குளிர் இல்லை. முந்தின வாரம் வந்த ஒருவர் கம்ப்ரசர் போய்விட்டது என்று சொல்லி, பத்தாயிரத்துக்கு மேல் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்திருந்தார். பாய் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. ஏ.சி.யைப் போடச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றார். "யாரும் பேசாதீங்க." மூன்று நிமிஷம் போல ஒன்றும் இல்லை. பிறகு வெளியே ம்ம்ம் என்று ஓர் உறுமல், சில நொடிகள், டக். மறுபடி மூன்று நிமிஷம். உறுமல். டக்.

"கம்ப்ரசர் போகல சார். எடுக்க முடியாம நிக்குது. கெப்பாசிட்டரா இருக்கும். பாத்துடலாம்."

கம்ப்ரசர் கிளம்ப உந்துதல் கொடுப்பது கெப்பாசிட்டர். அது வலுவிழந்தால் மோட்டார் சுற்றாமல் உறுமும். சூடேறியதும் ஓவர்லோடு சுவிட்ச் வெட்டிவிடும். அந்த டக் அதுதான். மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய், ஐந்து நிமிஷம். ஆனால் அவுட்டோர் இருந்த இடம் ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடுக்கு மேல், சுவரில் அடித்த இரும்புத் தாங்கியில். பால்கனியில் வைத்தால் அழகு கெடும் என்று அங்கே கொண்டுபோய் மாட்டியிருந்தார்கள்.

பையன் ஜன்னல் கிரில் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். பாய் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"கயிறு."

"அஞ்சு நிமிஷ வேலை பாய்" என்றார் வீட்டுக்காரர். "மாட்டினவங்க சும்மாதான் இறங்கினாங்க, ஏறினாங்க."

"இறங்கினவங்க எல்லாரும் ஏறினதில்ல சார்."

யாரும் பதில் சொல்லவில்லை. பாய் டார்ச்சால் சன்ஷேடின் விளிம்பைக் காட்டினார். சிமென்ட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது. எங்கள் கட்டடத்துக்கு முப்பது வயசு. கடற்காற்று கம்பியைச் சும்மா விடாது. மழைச் சாரலைத் தடுக்கக் கட்டிய பலகை அது, மனிதன் நிற்கக் கட்டியது அல்ல. கிரிலில் கயிறு கட்டலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். பாய் கிரிலைப் பிடித்து ஆட்டிக் காட்டினார், ஆடியது. கீழே போய் ஆட்டோவிலிருந்து பெல்ட்டும் கயிறும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்; தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் கான்கிரீட் தூணைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, தன் எடையைப் போட்டு இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

அன்று முழுக்க அவர் என்னிடம் பேசியது அப்போதுதான். "சார், மெயினை எறக்கிட்டேன். நீங்க எம்.சி.பி. பக்கத்துல நில்லுங்க. யாரும் கை வைக்காம பாத்துக்குங்க."

நான் நின்றேன். பையன் இறங்கினான். தொடுவதற்கு முன் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்கினான். கரண்ட் நின்ற பிறகும் அது கடிக்கும். கழற்றி மேலே கொடுத்தான். பாய் மீட்டரில் பார்த்தார். மேலே அச்சடித்திருந்தது 50. மீட்டர் காட்டியது 22. புதியதை மாட்டி, பையன் உள்ளே வந்து பெல்ட்டைக் கழற்றிய பிறகுதான் நான் சுவிட்சைவிட்டு நகர்ந்தேன். மூன்று நிமிஷம் கழித்து உறுமல், அதைத் தொடர்ந்து சீரான ஓட்டம். டக் வரவில்லை.

கயிறு கட்ட இருபது நிமிஷம், வேலைக்கு ஐந்து நிமிஷம். பில்லில் கெப்பாசிட்டர் விலையும் சர்வீஸ் கூலியும் மட்டும் இருந்தன. கயிறு கட்டிய நேரத்துக்கு அவர் எதுவும் எழுதவில்லை, வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

வீட்டில் புது ஏ.சி. மாட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவுட்டோர் பெட்டி முப்பது கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறையாவது அதன் எதிரில் ஓர் ஆள் நின்று வேலை செய்தாக வேண்டும். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ, கால் ஊன்றி நிற்க இடமுள்ள பக்கம் வையுங்கள். கம்பெனி கொடுக்கும் குழாய் எட்டாவிட்டால் கூடுதல் மீட்டருக்குக் காசு கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். ஏற்கனவே சன்ஷேடில் மாட்டியிருந்தால், மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போதே அதைச் சொல்லி, பெல்ட்டும் கயிறும் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவரவில்லை என்றால் அன்றைக்கு வேலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுங்கள்.